கழுவிய படம்

"என்னாங்க, அத வெளிய எடுங்க!" என்று கத்திக்கொண்டே செபஸ்தியம்மாள் ஓடிவந்தபோது எக்ஸ்ரே பாதி வெளுத்துவிட்டது.

கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கறுப்பு உரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தோள் எலும்பு போயிற்று. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

அவள் புருஷன் சின்னப்பராஜ் இடுக்கியால் அதைத் தூக்கினார். வெறும் நீலத் தாள்தான் மிச்சம்.

அது அவருடைய நெஞ்சுப் படம்.

"பீரோ மேல இருந்தது புதுக் கட்டோட வந்துடுச்சி போல. பாக்காம போட்டுட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

திண்டிவனத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய எக்ஸ்ரே வாங்கிக் கழுவுவதுதான் இவர்கள் பிழைப்பு. அந்தக் கறுப்பில்தான் வெள்ளி இருக்கிறது. தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். உலர்த்தி உருக்கினால் யாரோ ஒருத்திக்குக் கொலுசாகும். வெளுத்த தாள் புடவை டப்பாவுக்கு மூடியாகும். ஊரார் நோவைக் கழுவிச் சோறு தின்கிறோம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

முந்தாநாள் விழுப்புரத்து டாக்டர் புதுப் படத்தில், நுரையீரலில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். பழைய படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். அதிலும் இந்தப் புள்ளி இருந்தால் பழைய தழும்பு, பயமில்லை. இல்லாவிட்டால் இது புதிதாக வளர்வது.

மூட்டை தூக்கி மார்பு பிடித்துக்கொண்ட வருஷம் எடுத்த படம் வீட்டில் இருக்கிறது என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் செபஸ்தியம்மாள். அந்த ஒரு தாளை நம்பித்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

இப்போது வாய்க்கு வந்தபடி திட்டினாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"பழைய தழும்பாத்தான் இருக்கும். அழாத" என்றார் அவர். காரத்தண்ணீர் தெறித்த சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சட்டையை உடனே அலசாவிட்டால் பொத்தலாகிவிடும். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் அதைச் செய்துதானே ஆகவேண்டும். எப்போதும்போல முதலில் பையைத் துழாவினாள்.

முன்பின் தெரியாதவர் என்றாலும் ஒருத்தர் பேரைக் காரத்தில் வேகவிடக் கூடாது என்பது சின்னப்பராஜின் கொள்கை. ஒவ்வொரு தாளையும் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பேர் இருக்கிற மூலையைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொள்வார். பிறகுதான் தாள் தொட்டிக்குப் போகும். துண்டுகள் மாதா படத்துக்குக் கீழே இருக்கும் டப்பாவில் சேரும்.

பைக்குள் ஒரே ஒரு துண்டு இருந்தது. அதில் அவருடைய பேர்.

செபஸ்தியம்மாளுக்கு அழுகை நின்றுவிட்டது.

புள்ளி இருந்திருந்தால் அவர் அதைக் கழுவியிருக்க மாட்டார்.