பன்னிரண்டாம் மாடி ஓநாய்

பெங்களூரு மாநகர மக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: இளையோர் இலக்கியத்தின் தலையெழுத்தையே மாற்றப்போகும் மாயப் புதினம் 'பன்னிரண்டாம் மாடிப் பருந்து', மூன்று பாகங்களில் முதல் பாகம், இன்று மாலை அச்சுக்குப் போகிறது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் தாம் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் வாட்ஸப் குழுவில் டிரேவர் காலையில் இப்படித்தான் அறிவித்தார்.

அதற்கு முந்தைய அறிவிப்பு லிஃப்ட் பழுது பற்றியது. அதற்கு இருபது பேர் பொங்கி எழுந்து பதில் போட்டிருந்தார்கள். இதற்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் எதிர்வீட்டு சில்வெஸ்டர். அவர் இரங்கல் செய்திக்கும் கட்டைவிரல் போடுகிறவர்.

மகத்தான படைப்புகளை உலகம் தாமதமாகத்தான் கவனிக்கும் என்று மனைவி அல்போன்சாவிடம் சொன்னார் டிரேவர்.

"கேஸ் தீர்ந்துபோய் ரெண்டு நாளாச்சு. மொதல்ல அதைக் கவனிங்க."

நாவலின் நாயகி, பன்னிரண்டாம் மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பதினாறு வயதுப் பெண். தோளெலும்பு வெடித்து, இறகு முளைத்து, பருந்தாக மாறி, பால்கனியிலிருந்து பறந்து தப்பிக்கிறாள். மாறுவதற்கு மட்டும் நாற்பது பக்கம் எடுத்துக்கொள்கிறாள்.

அதைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் மகள் லவினா. மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இது நான்தானே டாடி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு டிரேவர் ஆறு மாதம் ஆபீசில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

சாயங்காலம் பதிப்பாசிரியர் மமதாவிடமிருந்து போன் வந்தது.

"சார், பருந்து ஓடல சார். மார்க்கெட்டிங்ல எல்லாரும் ஓநாய்தான் கேக்கறாங்க. அட்டைகூட ஓநாய் போட்டு ரெடி. ஆறு மணிக்குள்ள மாத்தி அனுப்பிடுங்க. இல்லன்னா பிரஸ்ல நம்ம எடத்தை வேற புக்குக்குக் குடுத்துடுவாங்க."

டிரேவருக்குக் காது சூடேறியது. இரண்டு வருட உழைப்பு. ஓசூர் ரோட்டு நெரிசலில், கம்பெனி கேபில், மடியில் லேப்டாப்பை வைத்து ஆங்கிலத்தில் தட்டிய நாவல். பருந்து என்ன சும்மா வந்த பருந்தா? அது விடுதலையின் குறியீடு என்று முன்னுரையில் நான்கு பக்கம் விளக்கியிருக்கிறார். இதையெல்லாம் மமதாவிடம் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"சரிம்மா" என்றார்.

லவினா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாடி, அவ பறந்து தப்பிக்கிறா. அதான கதையே? பன்னெண்டாவது மாடில ஓநாயா மாறி என்ன பண்ணுவா? லிஃப்டுக்கு வெயிட் பண்ணுவாளா?"

"ஒரு ஆர்ட்டிஸ்ட் காலத்தோட பேசணும்மா."

"காலத்தோடயே பேசுங்க. எங்கிட்ட பேசாதீங்க. மாத்தினீங்கன்னா, சத்தியமா நான் அந்த புக்கைத் தொடவே மாட்டேன்."

அவள் அறைக் கதவைச் சாத்திய வேகத்தில் ஹாலில் இருந்த திருஇருதயப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

டிரேவர் உட்கார்ந்து திருத்தப் பார்த்தார். இறகை ரோமமாக்கினார். அலகை மூஞ்சியாக்கினார். நகத்தை அப்படியே விட்டார். அது இரண்டுக்கும் பொருந்தும். ஒரு பத்தி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. மீதமிருந்தது நானூறு பக்கம். எரிச்சலில் மவுஸை மேசையில் ஓங்கித் தட்டினார். மவுஸும் ஒத்துழைக்க மறுத்தது.

கரண்ட் அடுப்பில் போட்ட காபியைக் கொண்டுவந்து வைத்த அல்போன்சா, "ஆபீஸ்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படிப் பண்ணித் தொலைங்களேன்" என்றாள்.

ஆபீசில் டிரேவருக்கு வேலை, கீசர்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது. புது மாடல் வந்தால் பழைய கையேட்டைத் திறப்பார். பழைய மாடலின் பெயர் இருக்கும் இடத்திலெல்லாம் புதுப் பெயரைப் போடும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கட்டளை கொடுப்பார். புதுக் கையேடு தயார். பதினெட்டு வருடமாக அவர் கீசர்களைப் பிறப்பித்துவருவது இப்படித்தான்.

லவினாவின் அறையைப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

பருந்தைத் தேடச் சொன்னார். ஓநாயைப் போடச் சொன்னார். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அழுத்தினார்.

நாற்பது பக்கம் கேட்ட உருமாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. எலும்பு வெடிக்கவில்லை. யாரும் அலறவில்லை. அறுநூற்றுச் சொச்சம் இடங்களில் மாற்றியாயிற்று என்று கம்ப்யூட்டர் பணிவுடன் தெரிவித்துக்கொண்டது.

கோப்பு பதிப்பகத்துக்குப் போயிற்று. மமதாவிடமிருந்து ஊளையிடும் ஓநாய்ப் படம் ஒன்று பதிலாக வந்தது.

புத்தகம் வெளிவந்து எட்டு மாதமாகிறது. வெளியீட்டு விழாவில் மூன்று பேர் பேசினார்கள். உருமாற்றக் காட்சியின் உளவியல் ஆழத்தை மூவருமே வியந்தார்கள். லவினா சொன்ன சொல் தவறவில்லை. அவளுக்குக் கொடுத்த பிரதி இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது.

பதினோராம் அத்தியாயத்தில் ஒரு தாய் ஓநாய், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் சுள்ளிகளால் கூடு கட்டி, இரண்டு முட்டை இடுகிறது.

இதுவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.