தானமாக வந்த கார்

"தானமா வந்த சாமானைக்கூட விட்டு வைக்கல பாத்தியா! நானே கண்ணால கண்டேன். நம்ம புள்ள மடுவத்து டீச்சரம்மா அந்த ரிமோட் காரைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க!"

பொகவந்தலாவைத் தோட்டம் ஒன்றின் பீலிக்கரையில், தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு லெட்சுமி பொரிந்து தள்ளினாள். அவள் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்று வழியில் போவார்.

அவள் கோபத்துக்கும் காரணம் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில், அவள் மகன் தனுஷன் தினமும் காலையில் சேலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவான். அவனைப் பிய்த்தெடுத்து உள்ளே விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு அவள் ஓடுவதற்குள் பேர் பதிந்து முடித்திருப்பார்கள். அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அந்தக் கார் மடுவத்தில் ஓடினால் பிள்ளை பராக்குப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவான் என்று அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

கார் கொடுத்தவர் ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சுதாகரன் முதலாளி. போன மாதம் ஜீப்பில் இரண்டு பெட்டி விளையாட்டுச் சாமான் கொண்டுவந்து இறக்கினார். கூடவே மடுவத்து வாசலில் கட்ட ஒரு பெனர். அதில் அவர் முகம் பெட்டிகளைவிடப் பெரிது. குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, அந்தப் பழைய சிவப்புக் காரைத் தனுஷன் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். பிள்ளை மிரண்டு அழுதான்.

"என்னம்மா இது? புள்ளையச் சிரிக்கச் சொல்லு. படம் நல்லா விழ வேணாமா?"

லெட்சுமி கெஞ்சிக் கொஞ்சிச் சிரிக்க வைத்தாள். படம் எடுத்த கையோடு ஜீப் கிளம்பிவிட்டது. காரை ஓட்டிக் காட்ட அவருக்கு எங்கே நேரம்? அன்றைக்கே பேஸ்புக்கில் 'வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது' என்று எழுதி, கீழே நாற்பது படம் போட்டிருந்தார்.

பெனரில் இருந்த நம்பருக்கு லெட்சுமியே கோல் எடுத்தாள்.

"மொதலாளி, நீங்க குடுத்த காரை டீச்சரம்மா வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. படம் எடுத்த பொறகு எங்க புள்ளைங்க கண்ணுலயே காட்டல."

"எது, அந்தச் செவப்புக் காரா? பத்திரமா இருக்கா?" முதலாளி பதறினார். "நாளைக்கு விடியவே வாறேன்!"

ஏழைப் பிள்ளைகள்மேல் எவ்வளவு கரிசனம் என்று லெட்சுமிக்குக் கண் கலங்கியது.

சொன்னபடி மறுநாள் காலையில் மடுவத்து வாசலில் ஜீப் நின்றது. தனுஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு லெட்சுமி முன்வரிசையில் நின்றாள். டீச்சர் மூக்குடைபடுவதைப் பார்க்காமல் போக அவளுக்கு மனமில்லை.

ஜீவராணி டீச்சர் பையிலிருந்து காரை எடுத்துத் தரையில் வைத்தார்.

"நான் களவெடுக்கல மொதலாளி. நீங்க குடுத்தப்போ இது ஓடல. பெட்டரி ஒழுகி உள்ளுக்குப் பச்சை புடிச்சிருந்துச்சு. பல்லுச் சக்கரமும் ஒடைஞ்சு கெடந்துச்சு. தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். பஜார்ல ரிப்பேர் கடை வச்சிருக்குற ஜமால்தீன் நானா பழைய பிரிண்டர்ல இருந்து ஒரு சக்கரம் கழட்டித் தந்தாரு. வயருக்கு ஈயமும் அவருதான் வச்சாரு. ரிமோட்டுக்கு எங்க வீட்டு ரேடியோ ஏரியல். நேத்துத்தான் ஓடுச்சு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா?" என்றாள் லெட்சுமி.

"ஓடாத சாமானைத் தானம் குடுத்துட்டாருன்னு நான் போயி ஊருக்குச் சொல்லவா லெட்சுமி? பெரிய மனுஷன். பாவம்."

லெட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் ரிமோட்டை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு சீமெந்துத் தரையில் ஓடியது. தனுஷன் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். சேலையை அவனாகவே விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே காரின் பின்னால் ஓடினான்.

சுதாகரன் முதலாளியும் ஓடினார். காரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அடடே, ஓடவும் செய்யுதே! இது அந்தக் காலத்து ஜப்பான் சாமான்மா. படத்தைப் பாத்துட்டுக் கொழும்புல இருந்து மகன் ஏசுறான். இப்ப இதுக்கு என்ன வெலையும் குடுக்க ஆள் இருக்காம். தெரியாமப் பெட்டியில போயிருச்சு. இதோட அருமை இந்தப் புள்ளைங்களுக்கு என்ன தெரியும்? நான் எடுத்துட்டுப் போறேன். பொறகு புதுசா ஒன்னு பாத்து அனுப்புறேன்."

காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தனுஷனின் உதடு பிதுங்கியது.

பெரட்டுக்குச் சங்கு ஊதியது. அரைப்பேர் போனால் போகட்டும் என்று லெட்சுமி வாசலை மறித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி."

காரை அவரிடமிருந்து மரியாதையாக வாங்கி மகன் கையில் கொடுத்தாள். குழந்தைகளை அதே பெனருக்குக் கீழே வரிசையாக நிறுத்தினாள். டீச்சரின் போனை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"அன்னைக்கு நீங்க குடுத்தீங்க, எங்க புள்ளைங்க வாங்குச்சுங்க. இன்னைக்கு எங்க புள்ளைங்க குடுக்குதுங்க, நீங்க வாங்கிக்கிறீங்க. ரெண்டு கையையும் நல்லா நீட்டுங்க மொதலாளி... ம், சிரிங்க! படம் நல்லா விழ வேணாமா?"