‘ம்’ என்றால், ‘சரி’ என்றால்

"சமதரையில நல்லாத்தானே ஓடுது, இந்த ஏத்தத்துல மட்டும் ஏங்க நிக்கிது?" என்று கேட்டாள் சுதர்சினி.

சசிக்குமார் ஸ்டியரிங்கைத் தட்டினான். "அதுதான் எனக்கும் விளங்கல்ல. எட்டு வருஷம் இதே ஏத்தத்துல கல்லு லொறி ஓட்டினவன் நான். ஒரு நாளும் நின்னதில்ல."

மூன்று தடவை ஏறிப் பார்த்தாயிற்று. மூன்று தடவையும் வேன் அதே வளைவில் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. அவன் அதை மெல்லப் பின்னோக்கி உருட்டி, அடிவாரத்துத் தேநீர்க் கடை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

கோப்பைக்கும் டைலுக்கும் ஆகிற வெள்ளைக் கல்லைத் தோண்டி எடுக்கும் ஊர் அது. கூரையில், வாழையிலையில், நாயின் முதுகில்கூட வெள்ளைத் தூசி. அவர்கள் வீட்டிலிருந்து நாலந்தா பெரிய ரோட்டுக்குப் போக இந்த ஏற்றத்தை விட்டால் வேறு வழியில்லை. ஏறிவிட்டால் பிறகு நிலாவெளிக் கடல் வரைக்கும் பெரிய மேடு கிடையாது.

டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய டொல்பின் வேன். பின்கதவில் சிவப்பு எழுத்தைச் சுரண்டிய தடம் இன்னும் இருந்தது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை பூட்டி, காஸ் அடுப்பு வைத்து, தன் சேலையைக் கிழித்துத் திரையும் தைத்திருந்தாள் சுதர்சினி.

போன் அடித்தது. சுதர்சினி கீழே இறங்கி எடுத்தாள்; அவளுடைய அண்ணன் நிமலன்.

"எங்க நிக்கிறீங்க?"

"டீ குடிக்கிறோம்ணே."

"ஏத்தத்துக்கு அடியிலயா? நான் அப்பவே சொன்னேன், இந்த நிலைமையில ஓட ஏலாதுன்னு. பேசினது ஞாபகம் இருக்குல்ல? நிலாவெளியில இருந்து போட்டோ வந்தா வேன் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வந்து இழுத்துட்டுப் போறதா இருந்தா, வித்துறணும்."

"நீங்க வர வேணாம். ஏறிருவோம்."

"என்னவாம்?" என்றான் சசிக்குமார்.

"கடல்ல குளிக்க சவுக்காரம் எடுத்தீங்களான்னு கேக்குறாரு."

அவன் சிரித்துவிட்டான். கடைக்கார ராசம்மா சீனி போடாத பிளேன்டீயை ஜன்னல் வழியாக நீட்டினாள். "சீட்டத் தூக்கி இன்ஜினப் பாக்குறதுதானே தம்பி? இறங்குங்க."

"இன்ஜின்ல பிழை இல்லக்கா. சத்தம் சுத்தமா இருக்கு."

"அப்ப புருஷன் பொண்டாட்டி சண்டையாத்தான் இருக்கும். வண்டிக்குத் தெரிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சசிக்குமார் விரல்களை மடக்கினான். "கேளு சுதா. எண்ணெய் போகாட்டி நிக்கும். காத்துப் போகாட்டி நிக்கும். ரெண்டும் போகுது. இல்லாட்டி, செக்கண்ட் கியர்ல இருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாத்துறது பிந்தணும். ஏத்தத்துல ஒரு விநாடி பிந்தினாலும் வேகம் செத்துரும், இன்ஜினும் செத்துரும்."

"அப்ப பிந்துறீங்க."

"நான் பிந்தல்ல."

"பின்ன நானா பிந்துறேன்?"

பிறகு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவனுக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "எடுங்க. இன்னொரு தடவை."

கியர் மாற்றும்போது அவன் முதலில் "ம்" என்பான், மாற்றி முடித்ததும் "சரி" என்பான். "ம்... சரி." வேன் நகர்ந்தது. "ம்... சரி." வேகம் பிடித்தது. வளைவு வந்தது. அங்கேதான் கல்லை உடைக்கும் பெரிய மெஷின் காதைப் பிளந்துகொண்டு ஓடியது. வேன் குலுங்கி நின்றது.

சசிக்குமார் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தான். "போதும் சுதா. அண்ணனுக்கு போன் போடு," என்று நிமிர்ந்து அவள் காதருகே சாய்ந்து கத்தினான்.

"போட மாட்டேன்."

அவள் வெளியே பார்த்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு லொறி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி காட்டிய ஆள் வாயே திறக்கவில்லை. கையை அசைத்தான், லொறி வந்தது. கையை நிறுத்தினான், லொறி நின்றது.

சுதர்சினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

கடை வாசலில் வேன் நின்றதும் சொன்னாள்: "இனி வாயால ஒண்ணும் சொல்லாதீங்க." கியர்க் கம்பியில் இருந்த அவனுடைய இடது கையின்மேல் தன் வலது கையைப் பொத்தி வைத்தாள்.

"பகல்ல, நடு ரோட்டுல என்ன இது?"

"வெக்கப்படாம ஓட்டுங்க."

வளைவில் கல் உடைக்கிறவர்கள் இதைக் கண்டு விசிலடித்தார்கள். மெஷின் போட்ட சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. வேன் ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவைத் தாண்டி மேலே ஏறியது.

சாயங்காலம் நிலாவெளியில் கடலுக்கு முன்னால் வேனை நிறுத்திப் போட்டோ அனுப்பினாள். மறு நிமிஷமே நிமலன் அழைத்தான்.

"பொய் சொல்லாத. யாரப் பிடிச்சி ஓட்டிட்டுப் போனீங்க?"

"யாரையும் இல்ல. உங்க மச்சான்தான் ஓட்டினாரு."

"சீனி வருத்தத்துல இடது காலையே எடுத்துட்டாங்க. அந்த மனுஷன் எப்படி கிளச் மிதிச்சாரு?"

சுதர்சினி தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "டிரைவிங் ஸ்கூல் வேன்ல சொல்லிக்குடுக்கிற ஆள் பக்கமும் ஒரு கிளச் இருக்கும்ணே. அவரு கை அசைஞ்சா நான் மிதிப்பேன், நின்னா விடுவேன்."