புது இன்ஜினுக்குச் சூடம்

சாவியைத் திருப்பிவிட்டு அவன் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தான்.

ஒன்றும் வரவில்லை.

இன்ஜின் என்னவோ அருமையாக ஓடியது. வராதது வாசனை.

அப்பா விட்டுப்போன பழைய ஃபியட் அது. அதற்குள் பெரிய இன்ஜின் ஒன்றை உட்கார வைத்திருந்தான். போர்டிகோ உத்தரத்தில் சங்கிலி மாட்டி அவனே தூக்கினான், அவனே இறக்கினான். சைலன்சரும் புதிது. முன்பிருந்ததைவிடப் பருத்த குழாய். பெட்ரோல் குழாயை அதை ஒட்டியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. வேறு இடம் இல்லை.

வண்டியை நிறுத்தினான். சைலன்சர் சூடாறாமல் டிக் டிக்கென்றது.

குனிந்து, பெட்ரோல் குழாயின் இணைப்பைத் துணியால் துடைத்தான். துணியில் ஈரம்.

பெட்ரோலா? காலையில் கழுவிய தண்ணீரா?

துணியை மூக்கருகே கொண்டுபோனான். பழக்க தோஷம்.

தண்ணீர்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்ட பிறகும் இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தான்.

போன வருஷம் வந்த காய்ச்சல் வீட்டையே படுக்கப் போட்டது. அவனும் பெண்டாட்டி கலாமணியும் ஒரே கட்டிலில் அனத்திக்கொண்டு கிடந்தார்கள். ஒரு வழியாகக் காய்ச்சல் போனது. போகிற போக்கில் அவன் மூக்கில் இருந்த வாசனையையும் வாரிக்கொண்டு போனது.

யாரிடமும் அவன் சொல்லவில்லை.

சொன்னால் கலாமணி காரைத் தொட விடமாட்டாள். பெட்ரோல் வாசம் தெரியாத ஆளுக்குக் கார் வேலை ஒரு கேடா என்பாள். வாயோடு நிற்கிறவளும் அல்ல. மறுநாளே உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்காரனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

மறைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. கலாமணி சாம்பார்ப் பொடி அரைத்து விற்கிறவள். மல்லி வறுக்கும்போதெல்லாம் கரண்டியோடு அவனிடம் வந்து நிற்பாள். வாசம் வந்துவிட்டதா என்று கேட்பாள். அவன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தெருவே மணக்கிறது என்பான். அவள் முகம் மலர்ந்துவிடும். பாராட்டு வேண்டியிருக்கிறது, கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று இருந்தான்.

இன்று அவன் நம்பியிருந்தது அவள் மூக்கைத்தான்.

அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். தட்டில் எலுமிச்சம்பழம், குங்குமம், சூடம். சர்க்கரைப் பொங்கலைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு வந்திருந்தாள். சமையலறை ஜன்னல் போர்டிகோவைப் பார்த்துத் திறந்திருந்தது.

நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாள். ஜன்னலடியில் நின்று தட்டைச் சரி செய்தாள். பானெட்டை மூடப் போனவனைத் தடுத்தாள்.

"தெறந்தே இருக்கட்டுங்க. காருக்கு எத்தன தடவ சூடம் காட்டியாச்சு. இன்னைக்கு இன்ஜினுக்கில்ல காட்டோணும்."

அவன் கை பானெட்டிலேயே நின்றுவிட்டது. நேராகக் கேட்டால் மாட்டிக்கொள்வான். சுற்றி வளைத்தான்.

"பெட்ரோல் வாசம் ரொம்ப அடிக்குதோ? சாமி கும்புடற எடத்துல நல்லாருக்காதே."

கலாமணி குனிந்தாள். இன்ஜினுக்கு மேலே முகத்தை வைத்து ஆழமாக இழுத்துப் பார்த்தாள்.

"துளிகூட இல்லீங்க."

அவனுக்குப் போன உயிர் வந்தது. இந்த மூக்கை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

அவள் பின்பக்கம் போய்த் தீக்குச்சியை உரசினாள். சூடம் பற்றிக்கொண்டது. டிக்கிக்கு ஒரு சுற்று. பக்கவாட்டில் ஒரு சுற்று. தீபத்தைப் புறங்கையால் மறைத்தபடி முன்னால் வந்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு ருக்மணி அக்கா.

"ஏனம்மிணி, அடுப்புல என்னத்த வெச்சுப்போட்டு வந்தே? அடிபிடிச்சு எங்கூடு வரைக்கும் நாறுது!"

அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பிகளுக்கிடையே புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. இப்போது தொடங்கிய புகை அல்ல.

கலாமணியும் பார்த்தாள். அந்த ஜன்னலடியில் நின்றுதான் அவள் தட்டைச் சரி செய்திருந்தாள்.

வறுபடும் மல்லியின் பக்குவத்தை வாசத்திலேயே பிடிக்கிறவள்.

வாசம் வந்துவிட்டதா, வாசம் வந்துவிட்டதா என்று கரண்டியோடு அவள் வந்து நின்றதெல்லாம் அவனுக்கு நினைவு வந்தது.

ஒரே கட்டில். ஒரே காய்ச்சல்.

சூடம் பானெட்டை நெருங்கிவிட்டது.

எரிகிற சூடத்தை அணைக்கக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். தாவிப்போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். கை வெந்தது. எடுக்கவில்லை.

கலாமணி அவன் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது.

"அடுப்ப அணை" என்றான்.

ஓடினாள். அணைத்துவிட்டு ஓடிவந்து அவனை ஒட்டி நின்றுகொண்டாள்.

காருக்கு அடியில் சைலன்சர் இன்னும் டிக் டிக்கென்றது.

இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியாததை அவன் மதில் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அக்கா, அடிபிடிச்ச வாசம் போக... வேற ஏதாச்சும் வருதுங்களா?"

ருக்மணி அக்கா மதிலில் கையூன்றி எக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். நின்றாள். மறுபடி உறிஞ்சினாள்.

கலாமணி அவன் வெந்த கையைப் பற்றிக்கொண்டாள். இருவரும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.