நொண்டாத காய்ச்சல்

"எனக்கும் சிக்குன்குனியா வந்துச்சு. எனக்கே தெரியாம வந்து, சொல்லாம கொள்ளாம போயிடுச்சு!" என்று ஏகாம்பரம் அறிவித்ததும் ஆரணி நெசவாளர் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

காய்ச்சல் கண்டவர்கள், தறியில் ஏற்றும் நீள நூலான பட்டுப் பாவைத் தெருவில் இழுத்துக் கட்ட வரவேண்டாம் என்பது 2006இல் போட்ட தெருக் கட்டுப்பாடு. எல்லாரும் கேள்விக்குறியாய் வளைந்து நடந்தார்கள், கொசுகூட நொண்டியது. நிமிர்ந்து நடந்த ஒரே பாவி ஏகாம்பரம் தலையில்தான் அத்தனை பாவும் விடிந்தது.

"பஸ்ஸைத் துரத்திகினு ஓடுற காலுக்குக் காய்ச்சலா? கெட்டியா இழு மாமா!" என்றான் மச்சான் தட்சிணாமூர்த்தி, தெருக்கோடியில் போட்ட கட்டிலில் முனகியபடி. தெருவிலேயே பெரிய நொண்டல் அவனுடையது.

தெரியாமலே எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்துபோனது என்று கணக்கெடுக்க, தெருவில் எல்லாரிடமும் ரத்தம் எடுத்துப்போன டாக்டரம்மா முடிவோடு வந்தார்.

"ஏகாம்பரம், உங்க ரத்தத்துல இந்தக் காய்ச்சல் வந்தவங்களுக்கு உண்டாகுற எதிர்ப்பொருள் இருக்கு. சத்தமில்லாம வந்து போயிருக்குது."

"பொய்!" தட்சிணாமூர்த்தி கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்து, தெருக்கோடியிலிருந்து ஒரே ஓட்டமாய் வந்து நின்றான். "அப்ப எனக்கு?"

"உங்களுக்கு வரவே இல்லியே."

தெருவே அவன் கால்களைப் பார்த்தது.

"ஒத்துக்கறேன். உங்களுக்குத்தான் வந்துச்சுங்க மாமா," என்றான் அவன். "பாவை இப்டி குடுங்க."