நாலாவது வரிசை வீடு

இரண்டு நிமிடம் முடிந்ததும் அவன் மிக்ஸியைப் போட்டான்.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடைசி வாக்கியம் தேங்காயோடு அரைபட்டது.

உலக நாடுகள் கூடும் பருவநிலை மாநாட்டில் அவளுக்குப் பேச இரண்டு நிமிடம். கடலோர ஊர்களின் சார்பாக. தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்த்துக்கொள்வார்கள். நேரம் முடிந்தால் மைக்கை அணைத்துவிடுவார்களாம்.

வீட்டில் அணைப்பதற்கு மைக் இல்லை. அதனால் மிக்ஸி.

"சட்னி கூழாயிடுச்சு," என்றாள்.

"நன்றி சொல்றதுக்கே பாதி நேரம் போயிடுது. மீதியில கெஞ்சுற. என்கிட்ட இப்படியா பேசுவ?"

"நீ என்ன வல்லரசா?"

"இப்போதைக்கு ஆமா. புகை விடுற பெரிய நாடு." ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தான். லுங்கியைச் சரிசெய்துகொண்டு கால்மேல் கால் போட்டான். "எங்க, திட்டு பாப்போம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு வாரமாக எழுதிய தாள். ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அதில் ஒரு 'தயவுசெய்து' கூடியிருந்தது.

கவிழ்த்து வைத்தாள்.

"போன தடவையும் புகையைக் குறைக்கிறேன்னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினோம். எங்க அம்மா வீடு கடல்லேர்ந்து நாலாவது வரிசையா இருந்துச்சு. முன்னாடி இருந்த வீடெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. இப்ப அதுதான் முதல் வரிசை. அடுத்த மழைக்கு நிக்குமான்னு தெரியல."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அவன் காலை இறக்கினான். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டுத்தான் அவளுக்குத் தாலி கட்டியிருந்தான்.

"சரி," என்றான். "குறைக்கிறேன்."

"எப்போ?"

"சீக்கிரம்."

சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பாவமாக இருந்தது. எதிரே ஒருவர் பதில் இல்லாமல் தடுமாறினால் அவளால் தாங்க முடியாது. தானே ஒரு பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவாள். கடையில், அலுவலகத்தில், இவனிடம். அவளுடைய பிரியம் அப்படித்தான் பழகியிருந்தது.

இப்போதும் 'பரவாயில்ல' நாக்கு நுனிவரை வந்தது.

விழுங்கினாள்.

அவன் நெற்றியில் வியர்வை. முந்தானையால் ஒற்றியெடுத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், எல்லாம் முடிந்துவிட்டது என்பதுபோல.

கையை எடுக்காமலே கேட்டாள்.

"எந்த வருஷம்?"