ஊசி கேட்காத தையல் வகுப்பு

"ஆறு மாசமா ஒரு நூல்கண்டு கேக்கல. ஒரு ஊசி உடையல. மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வாங்கல. அப்படி என்னதாம்மா தைக்கிறீங்க இங்க?"

வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார் கண்காணிப்பாளர்.

அந்தச் சின்ன ஊரில் அறக்கட்டளை நடத்தும் சமூகக் கூடங்கள் மூன்று. மூன்றுக்கும் அவர்தான் கண்காணிப்பாளர். மற்ற இரண்டிலும் மாதம் பிறந்தால் போதும், பாபின் இல்லை, கத்தரி மழுங்கிப்போச்சு என்று உயிரை வாங்குவார்கள். இந்தக் கூடம் மட்டும் கப்சிப். ஆனால் பதிவேட்டைத் திறந்தால், தினமும் மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை தையல் வகுப்பு, பன்னிரண்டு கையெழுத்து!

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார்" என்றார் கூடத்தின் பொறுப்பாளர் அம்மா.

"நான் ஏன் மெதுவா பேசணும்? தப்பு பண்ணினது நானா?"

அவர் பையில் கடிதம் தயாராக இருந்தது. பட்டியலில் உள்ள வகுப்பு நடக்கவில்லையென்றால் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிவிட வேண்டும். பொய்யாகப் பதிவு செய்த பொறுப்பாளருக்கு அன்றோடு வேலை இல்லை. அறக்கட்டளை விதி அப்படி. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

காலையிலிருந்தே மனுஷன் சிடுசிடுவென்று இருந்தார். சட்டையின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகச் சொல்கிறார். "ஒரு பட்டன் தைக்க நேரமில்லையா? நாள் பூரா வீட்டுல சும்மாதானே இருக்கே?" என்று மனைவிமேல் எரிந்து விழுந்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவருடைய அம்மாவைப் புரட்டி, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவள், "சாயங்காலம் தைச்சிடறேங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அறையைத் திறங்கம்மா."

பொறுப்பாளர் அம்மா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். "வேற யாரையாவது அனுப்புங்க சார், திறந்து காட்டறேன். நீங்க மட்டும் வேண்டாம்."

"ஏன், எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? வேலை போயிடும், தெரியுமில்ல?"

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நகரவில்லை. "போனா போகட்டும் சார். மூணு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுவரைக்கும் சத்தம் மட்டும் போடாதீங்க."

என்ன நெஞ்சழுத்தம்! கண்காணிப்பாளர் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே, மதிய வெயில் நீலத் திரை வழியாகக் கசிந்து, அறையே தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. ஆறு தையல் மிஷின்களும் துணி போர்த்திக்கொண்டு சுவரோரம் நின்றன. மின்விசிறி மெல்லச் சுற்றியது. தரையில் பன்னிரண்டு பாய்கள். பன்னிரண்டு பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தூக்கமென்றால் அப்படியொரு தூக்கம்! ஒருத்தி தூக்கத்தில் சிரித்தாள். இன்னொருத்தியின் கை மட்டும் யாரையோ தட்டிக்கொடுத்தபடியே இருந்தது. எல்லார் மூச்சும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. அவருக்கே கொட்டாவி வந்தது. எதற்கு வந்தோம் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"எல்லாரும் வீட்டுல நோயாளியை வச்சுப் பாத்துக்கறவங்க சார்" என்று கிசுகிசுத்தார் பொறுப்பாளர் அம்மா. "ராத்திரி பத்து தடவை எழுந்திருக்கறவங்க. பகல்ல கொஞ்சம் கண்ணை மூடினா, சும்மாதானே இருக்கேன்னு பேச்சு வேற. இன்னிக்கு இந்தப் பன்னிரண்டு பேர் தூங்கறாங்க. இன்னொரு பன்னிரண்டு பேர் இவங்க வீட்டுல துணைக்கு உக்காந்திருக்காங்க. நாளைக்கு முறை மாறும். உங்க பட்டியல்ல தூக்கம்னு ஒரு வகுப்பு இல்லையே சார். அதான் தையல்னு எழுதினேன்."

"அதுக்காக அறக்கட்டளையை ஏமாத்தி..." என்று ஆரம்பித்தவர், ஜன்னலோரப் பாயைப் பார்த்தார்.

பேசத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

 பிறகு பூனை மாதிரி பின்னோக்கி அடியெடுத்து வைத்து வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார். ஆய்வுப் புத்தகத்தை வாங்கி எழுதினார்:

'தையல் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. உடனடித் தேவை: பன்னிரண்டு தலையணைகள்.'

பொறுப்பாளர் அம்மா அதைப் படித்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை, நேராக வீட்டுக்குப் போனார். அம்மாவின் கட்டிலருகே முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வெலவெலத்துப்போய் எழுந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. நாளைக்கு உங்க முறையா?"

அவள் திருதிருவென விழித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"நீங்க கிளம்புங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

மூன்றே காலுக்கு மனைவி அவசர அவசரமாக உள்ளே வந்தாள். அம்மாவின் கட்டிலோரம் அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இல்லைங்க... தையல் வகுப்புக்குப் போயிருந்தேன். உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

அவள் கன்னத்தில் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

"நல்லா கத்துக்கோ" என்றார் அவர், பட்டனைத் தைத்தபடியே. "ஒரு வகுப்பைக்கூட விட்டுடாதே."